தாம்பாளத்தில் எது பிரவுன்?

துரைராஜ் மைக்கைப் பிடித்துவிட்டார், இனி லேசில் விடமாட்டார், அந்த மட்டுக்கும் நல்லது என்று சென்னியப்பன் மாஸ்டர் நினைத்துக்கொண்டார். பேசட்டும். மாவட்டச் சங்கத்துச் செயலாளர் என்றால் பேசத்தான் வேண்டும், அவர் பேசப் பேச நமக்கு அவகாசம். மேடையில் மாஸ்டருக்கு முன்னால் ஒரு மேசை, மேசைமேல் வெள்ளைத் துணி, துணிமேல் பித்தளைத் தாம்பாளம், தாம்பாளத்தில் ஓரத்தைச் சுற்றி மல்லிகைச் சரம், நடுவில் கல்யாணச் சீர் வைப்பதுபோல் சுருட்டி அடுக்கிய கராத்தே பெல்ட்டுகள். மஞ்சளும் நீலமும் கட்டி முடிந்தது. அவை பளிச்சென்று தெரியும் நிறங்கள், தயங்காமல் எடுத்துப் பிள்ளைகள் இடுப்பில் கட்டி, முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்பியாகிவிட்டது. மிச்சம் கிடப்பது பச்சை ஆறோ ஏழோ, பிரவுன் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று எது என்றுதான் தெரியவில்லை. உற்றுப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், மேடை விளக்குக்கு நேராக ஒன்றைத் தூக்கி ஏதோ நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கிறவர்போல் பார்த்தார். எல்லாம் நனைந்த கோணிப்பை நிறம். பிறந்ததிலிருந்தே அவருக்குப் பச்சையும் பிரவுனும் ஒன்றுதான், சிவப்புகூட வெளிச்சம் மங்கினால் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளும். இந்த விஷயம் திருப்பூரில் அவர் மனைவி மரகதத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. மரகதம் மகளின் பிரசவத்துக்காக ஓசூரில் இருக்கிறாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது, போகிறதுக்கு முந்தின நாள் உட்கார்ந்து எல்லாம் செய்து வைத்துவிட்டுத்தான் போனாள். கடையில் வாங்கிய பெல்ட்டுகளை மடியில் போட்டுக்கொண்டு, பிரவுன் பெல்ட்டின் முனையில் மட்டும் வெள்ளை நூலால் சின்ன முடிச்சு ஒன்று தைத்து, விரலைப் பிடித்துத் தடவ வைத்து, இதுதானுங்க, தடவிப் பாத்து எடுத்துக்கங்க, கண்ணை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அந்த பெல்ட்டுகள் இப்போது மண்டபத்து அறையில் பையோடு கிடக்கின்றன. காலையில் துரைராஜ் காரிலிருந்து இறங்கும்போதே ஒரு அட்டைப்பெட்டியோடு இறங்கினார். சங்க முத்திரை போட்ட பெல்ட்டைக் கட்டினால்தான் செல்லுமுங்க மாஸ்டர், கடைப் பெல்ட்டெல்லாம் இனி கணக்கில வராது என்றார். வந்த உடனே அவர் ஆட்கள் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, நிறம் எழுதிய சீட்டையும் சேர்த்துக் கிழித்து, அழகாக இருக்கட்டும் என்று தாம்பாளத்தில் கலந்து அடுக்கிவிட்டார்கள். கலந்து அடுக்குவதில் என்ன அழகு கண்டார்களோ. நேற்றே போனில், நான் ஒவ்வொண்ணா எடுத்துத் தரட்டுங்களா என்று துரைராஜ் கேட்கத்தான் செய்தார். அப்போது மாஸ்டருக்கு நினைப்பெல்லாம் மரகதத்தின் முடிச்சுமேல், வேண்டாமுங்க, என் பிள்ளைகளுக்கு நானே எடுத்து நானே கட்டுவேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார். பெட்டியைத் திறந்து பார்த்ததற்குப் பிறகுதான் தான் சொன்னது தன் கழுத்துக்கே வந்தது தெரிந்தது. தாம்பாளத்தைப் போட்டோ எடுத்து, இதில் எது என்று கேட்டு மரகதத்துக்கு அனுப்பினார். போன் இதோ மேசை விளிம்பில் குப்புறக் கிடக்கிறது. பதில் வரவில்லை. பேரனைக் குளிப்பாட்டுகிற நேரம், பச்சைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், போனைத் தொடமாட்டாள்.

கராத்தேயில் உடம்பில் அடிபடாத இடம் இல்லை, எல்லாவற்றையும் தாங்கியாகிவிட்டது, இந்த ஒரு சங்கதியை மட்டும் ஏன் வெளியே சொல்ல முடியவில்லை. வெட்கம்தான், வேறென்ன. வேறு ஊரில் பிறந்திருந்தால் ஒருவேளை இவ்வளவு வெட்கம் இருந்திருக்காதோ. பிறந்தது திருப்பூர், அப்பா சாயப்பட்டறையில் மேஸ்திரி, வீட்டுக்கு வருகிறபோது அவர் முழங்கை வரைக்கும் ஒரு நிறம் ஏறியிருக்கும், அம்மா கதவைத் திறந்ததுமே இன்னைக்கு நேவியா, இன்னைக்கு மெரூனா என்று கேட்பாள். சென்னியப்பனும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பான், அவன் கண்ணுக்கு அழுக்குக் கை. ஆத்துல பச்சைத் தண்ணி போகுது, சிவப்புத் தண்ணி போகுதென்று பையன்கள் பாலத்துக்கு ஓடுவார்கள், அவனும் ஓடுவான், ஐயோ என்று அவர்களோடு சேர்ந்து கத்துவான், என்னத்துக்குக் கத்துகிறோம் என்று தெரியாமலே கத்துவான். பள்ளிக்கூடம் முடித்ததும் அப்பா தன்னோடு பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நிறத்துக்கு ஒரு துணித்துண்டு ஒட்டிய ஷேட் கார்டு என்ற அட்டையைக் கொடுத்து, இந்தத் துணி எந்தத் துண்டோடு சேருது பாருடா என்றார்கள். பார்த்தான். சேர்த்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மேஸ்திரி பையனுக்குக் கண்ணு அவுட்டு என்று யாரோ சொன்னார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனை வெளியே கூட்டிவந்து, கண்ணுல தூசுன்னு சொல்லிக்கலாம், வேற யாருகிட்டயும் சொல்லிப் போடாதே என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருக்கும். சொல்லிப் போடாதே என்றதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, இன்னும் எழுந்திரிக்கவில்லை.

மைக்கில் துரைராஜ் ஜப்பானுக்குப் போய்விட்டார். கராத்தே எங்கே தோன்றியது, எப்படி வளர்ந்தது, இனி அங்கிருந்து திரும்பிவர நேரமாகும். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெற்றோர்கள் விசிறிக்கொள்கிறார்கள். மேடையில் இடப்பக்கம் வரிசையாக நிற்கிறார்கள் மிச்சம் பெல்ட் வாங்க வேண்டியவர்கள், பாதிப்பேர் பெரியவர்கள், வரிசையின் தலையில் கோகிலவாணி. வரிசை. வரிசை என்றாலே அவருக்கு ஆகாது. அவர் படித்த பள்ளியில் பெல்ட் நிறப்படிதான் நிற்க வேண்டும், பெரிய பெல்ட் முன்னால், சின்ன பெல்ட் பின்னால், வயசு கிடையாது, படிப்பு கிடையாது, நிறம்தான். ஒருநாள் புதுசாக வந்து நின்ற ஒருத்தரைத் தன்னைப்போலப் பச்சைப் பெல்ட் என்று நினைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். அவர் பிரவுன், ஈரோட்டிலிருந்து வந்த சீனியர். தம்பிக்கு பெல்ட் கண்ணுக்குத் தெரியலையோ என்று அந்த மனிதர் கேட்டார். குத்தலாகத்தான் கேட்டார், ஆனால் கேட்டது என்னவோ நிஜம். ஆமாங்கண்ணா, தெரியலீங்க என்று அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டார். திமிர் பிடித்தவன் என்று பெயர் வந்தது, அந்தப் பெயரையே பாதுகாப்பாக வைத்துக்கொண்டார், குருடன் என்பதைவிடத் திமிர் பிடித்தவன் என்பது கேட்க நன்றாக இருந்தது.

அதைவிடப் பெரிய கூத்து அவருடைய சொந்த பிரவுன் பெல்ட். அன்றைக்குத் தேர்வு முடிந்து பழைய பெல்ட்டை அவிழ்த்து வாங்கிக்கொண்டு வேறு ஒன்றைக் கட்டினார் அவருடைய மாஸ்டர். குனிந்து பார்த்தார். அதே பெல்ட். அதே நிறம். சரி, தோற்றுவிட்டோம், மனசு நோகக் கூடாதென்று பழையதையே திரும்பக் கட்டி அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அடக்க முடியாமல் அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டார். சந்தோஷத்தில் அழுகிறான் பாருங்க என்று எல்லோரும் கை தட்டினார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார், ஏறி மிதிக்கத் தெம்பில்லை. வாசலில் நின்ற அம்மா பார்த்துவிட்டு, அட, காப்பிக் கலர் குடுத்துட்டாங்களாடா என்றாள். அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தை ரோட்டில் அழுது கழித்தாகிவிட்டது, அப்புறம் எவ்வளவு முயன்றும் அந்தச் சந்தோஷம் வரவில்லை. ஆறின காப்பியைச் சுட வைத்ததுபோல் இருந்தது. கறுப்பு பெல்ட் வாங்கியபோதுதான் நிம்மதி, கறுப்பைப் பற்றிக் கண்ணுக்குச் சந்தேகமே கிடையாது.

சொந்தமாகப் பள்ளி தொடங்கியபோது முதல் வேலையாக பெல்ட்டைத் தூக்கிப் போட்டார். என் பள்ளியில் எல்லோரும் வெள்ளைதான், பத்து வருஷம் படித்தாலும் வெள்ளை, நேற்று சேர்ந்தாலும் வெள்ளை. ஏனுங்க மாஸ்டர் என்று கேட்டவர்களுக்கு, பெல்ட் இடுப்பைக் கட்டும், குத்து தோளிலிருந்து வரணும் என்று சொல்லிவைத்தார். என்னமோ வாயில் வந்தது, சொன்னார். அது ஊரெல்லாம் பரவிவிட்டது. வங்கி மேனேஜர் ஒருத்தர் அதைத் தன் அறையில் எழுதி ஒட்டியிருந்தார். வகுப்பில் அடிக்கடி கேள்வி கேட்பார், ஒரு பச்சைப் பெல்ட்டும் ஒரு பிரவுன் பெல்ட்டும் எதிரே நிக்குது, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம். பிள்ளைகள் ஒரே குரலில் கத்தும், ரெண்டும் ஒண்ணுதானுங்க மாஸ்டர். அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வரும், இதைவிட உண்மையாக ஒருத்தனால் பாடம் நடத்த முடியாது என்று. சில பெற்றோர் முகம் சுளித்துக்கொண்டு, பக்கத்துத் தெருப் பள்ளியில மூணு மாசத்துக்கு ஒரு பெல்ட்டு குடுக்கிறாங்க, போட்டோவும் எடுக்கிறாங்க என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டார். இருந்தவர்கள் இருந்தார்கள். டாக்டர் மகனும் இஸ்திரிக்காரர் மகளும் ஒரே வெள்ளையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று குனிந்து வணங்குவதைப் பார்க்கும்போது அவருக்கு நெஞ்சு நிறையும், அதில் பொய் கிடையாது. அங்கேதான் சிக்கல். பொய்யாகத் தொடங்கியது எந்த இடத்தில் நிஜமானது, அல்லது இன்னும் ஆகவில்லையா. கண் சரியாக இருந்திருந்தால் இதே கொள்கை இருந்திருக்குமா. இருந்திருக்காது. அப்படியென்றால் இது கொள்கையா, சாக்கா. சாக்கு என்றால் அந்த டாக்டர் மகனும் இஸ்திரிக்காரர் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றது நிஜம்தானே. நிஜம்தான். ஆனால் சாக்கு. யோசனை இந்த இடத்துக்கு வந்தால் செக்குமாடு மாதிரி சுற்றத் தொடங்கிவிடும், மரகதம் கூப்பிட்டு ஏதாவது வேலை சொன்னால்தான் நிற்கும். இதில என்னங்க வெக்கம், எனக்குக் கிட்டத்தில எழுத்துத் தெரியறதில்லை, கண்ணாடி போட்டுக்கலையா என்பாள் அவள். கல்யாணமான புதிதில் தக்காளி வாங்கிவரச் சொன்னாள், காயும் பழமும் கலந்து அள்ளிவந்தார், அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள், அன்றைக்கு ஒருநாள் வயிறு வலிக்கச் சிரித்தாள், அப்புறம் ஒருநாளும் சிரித்ததில்லை. எம்பேரு மரகதம், என்னையாவது பச்சைன்னு நெனச்சுக்கங்க என்று சொல்லுவாள். கராத்தே மாஸ்டருக்குக் கண் சரியில்லையென்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்று இவர் சொல்லுவார். ஊரு ஒண்ணும் சொல்லாது, நீங்கதான் சொல்லிக்கிட்டிருக்கீங்க என்று அவள் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அப்படியே காலம் போயிருக்கும், கோகிலவாணி கேட்காமல் இருந்திருந்தால். அவள் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங்கில் இருக்கிறவள். மகனைச் சேர்த்துவிட வந்தாள், மகன் ஒரு மாசத்தில் கிரிக்கெட்டுக்கு ஓடிவிட்டான், இவள் நின்றுவிட்டாள். ஷிப்ட் முடிந்து கழுத்தில் பஞ்சு ஒட்டியிருக்க அப்படியே வந்து நிற்பாள். தண்ணீர் இடைவேளையில் எல்லோரும் குடித்த பிறகுதான் குடத்துப் பக்கம் போவாள், தரையைக் கூட்டச் சொல்ல வேண்டியதில்லை, தன் முறை வந்தால் இன்னொருத்தருக்கு விட்டுவிடுவாள். ஆனால் குத்தில் இறங்கிவிட்டால் அந்த விட்டுக்கொடுக்கிற கோகிலவாணியைத் தேடிப் பிடிக்க வேண்டும். போன மழைக்காலத்தில் ஒருநாள் வகுப்பு முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். மாஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க, நான் எங்க நிக்கிறேன்னு எனக்கே தெரியலீங்க. வூட்டுல கேட்டா நல்லாத்தான் பண்றேங்கிறாங்க, கம்பெனியில கேட்டா பீஸ் எத்தனை பாத்தேங்கிறாங்க. எங்கயாவது ஒரு எடத்துல, நீ இதுவரைக்கும் வந்துட்டே அம்மிணின்னு யாராச்சும் சொன்னா நல்லா இருக்குமுங்க. அவ்வளவுதான் சொன்னாள், உடனே, வுடுங்க மாஸ்டர், நீங்க சொல்றதுதான் சரி, ரெண்டும் ஒண்ணுதான் என்று சிரித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெல்ட் வேண்டாம் என்று சொல்ல, பெல்ட் இருக்கிறவனால்தான் முடியும். தன் கறுப்பு பெல்ட் வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஒருத்தி எத்தனை மழையில் நனைந்து வந்து கற்றுக்கொண்டதற்கு ஊர் பார்க்க ஒரு அடையாளம் கேட்டால், அது ஆசை, அது அகங்காரம் என்று அவளுக்கு உபதேசம் செய்வதா. உபதேசம்கூடப் பரவாயில்லை, தன் கண்ணை மறைக்க அவள் அடையாளத்தை எடுத்துக்கொள்வதா. அந்த வாரமே துரைராஜுக்குப் போன் போட்டு, நம்ம பள்ளியிலயும் தேர்வு வைக்கலாமுங்க என்றார். அப்புறம்தான் தெரிந்தது, தாராபுரம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித்தர ஆள் எடுக்கிறார்கள், பிரவுனுக்குக் குறைந்து பார்க்கமாட்டார்கள், கோகிலவாணியை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கிடைத்தால் அவள் பஞ்சுத் தூசியிலிருந்து வெளியே வந்துவிடலாம். பட்டியலில் என்ன இருந்தாலும், இந்த மேடையில் எந்த நிறம் அவள் இடுப்பில் ஏறுகிறதோ அதைத்தான் துரைராஜ் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ஆக இந்தத் தாம்பாளத்தில் ஏழெட்டு பெல்ட் கிடக்கவில்லை, ஒன்றே ஒன்றுதான் கிடக்கிறது, அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

"…அப்பேர்ப்பட்ட சென்னியப்பன் மாஸ்டர்!" என்று துரைராஜ் ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்தார். "நெறம் பாக்காத மனுசன்! இத்தனை காலம் பெல்ட்டே வேண்டாம்னு இருந்தவரு, இன்னைக்கு நம்ம சங்கத்துக்காக எறங்கி வந்திருக்காரு. எம்பிள்ளைகளுக்கு நானே எடுத்து நானே கட்டுவேன்னு சொல்லிட்டாருங்க. பத்திரிகைத் தம்பி கிளம்போணுமாம், அதனால மொதல்ல பிரவுன் பெல்ட். கோகிலவாணி, முன்னால வாம்மா."

அவள் வரிசையிலிருந்து வந்து எதிரே நின்றாள், குனிந்து வணங்கினாள், தன் வெள்ளை பெல்ட்டை அவிழ்த்து மடித்து மேசையில் வைத்தாள். நெற்றியில் வியர்வை, விபூதி கரைந்திருந்தது. மாஸ்டர் போனைப் பார்த்தார், அது குப்புறக் கிடந்தது. தாம்பாளத்தில் கை வைத்தார். விரல் தானாக முனைகளைத் தடவியது, முடிச்சைத் தேடியது, முடிச்சு இல்லை. எல்லா முனையும் ஒரே வழவழப்பு. சாய வாசனையாவது வேறு வேறாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு, முகர்ந்து பார்க்கவா முடியும், மல்லிகை வேறு. அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நிற்கிறார், சொல்லிப் போடாதே. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் ஏழுக்கு ஒன்றாவது அதிர்ஷ்டம் அடிக்கலாம். பிரித்துக் கட்டியபிறகு தப்பென்று தெரிந்தால் மறுபடி அவிழ்க்கலாம், இல்லை, யாரும் சொல்லமாட்டார்கள், மாஸ்டர் செய்தால் காரணம் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள், அதுதான் பயம். இரண்டு பெல்ட்டைக் கைக்கு ஒன்றாகத் தூக்கினார், இதைக் கேட்டே தீர வேண்டும் என்று நினைப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"கோகிலா, இதுல பிரவுன் எதும்மா?"

சின்னக் குரலில்தான் கேட்டார், துரைராஜ் நீட்டிப் பிடித்திருந்த மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. கோகிலவாணி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, வகுப்பில் வருகிற சிரிப்பு, தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்லுகிற சிரிப்பு. வயிற்றிலிருந்து குரலெடுத்து, "ரெண்டும் ஒண்ணுதானுங்க மாஸ்டர்!" என்றாள். பின்னால் வரிசை மொத்தமும், கீழே மஞ்சள் நீலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வாண்டுகளும் சேர்ந்து, ரெண்டும் ஒண்ணுதானுங்க மாஸ்டர் என்று கத்தின.

மண்டபம் கை தட்டியது. வங்கி மேனேஜர் எழுந்து நின்று தட்டினார். "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று துரைராஜ் மைக்கில் நெகிழ்ந்துபோனார். "பெல்ட் குடுக்கற நேரத்துலயும் பாடம் எடுக்கறாரு பாருங்க! எதைக் கட்டினா என்ன, எல்லாம் ஒண்ணுதான்னு!" தப்பித்தாயிற்று என்று ஒரு கணம் மாஸ்டருக்கு உடம்பெல்லாம் லேசானது. நீயே எடுத்துக்கோ அம்மிணி என்று சொன்னால் போதும், இதையும் ஒரு வங்கியில் எழுதி ஒட்டுவார்கள். சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. கோகிலவாணியே கை நீட்டித் தாம்பாளத்தின் ஓரத்தில் கிடந்த ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள். வாங்கினார். பிரித்தார். அவள் இடுப்பை நோக்கிக் குனிந்தார். எது இது. எதை எடுத்தாள். குனிந்தபடியே அவள் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு இருந்த இடத்தில்தான் இருந்தது, ஆனால் கண் வேறு எங்கோ தாம்பாளத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர்க் குடத்துப் பக்கம் எல்லோரும் குடிக்கும்போது தள்ளி நின்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. இவளுக்குத் தன் முறையை விட்டுக்கொடுத்துத்தான் பழக்கம், பாடத்தை மெய்யாக்க, மாஸ்டரின் வார்த்தையைக் காப்பாற்ற, பக்கத்தில் கிடந்ததை எடுத்துவிட்டாள். அவர் கண்ணுக்கு நிறம் தெரியவில்லை, அவள் பார்வையிலிருந்து தெரிந்துவிட்டது. நாளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் பச்சை பெல்ட்டோடு போய் நிற்பாள், அவர்கள் அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள், சாயங்காலம் கழுத்தில் பஞ்சோடு வகுப்புக்கு வருவாள், ஒன்றும் சொல்லமாட்டாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ரோடு அவருக்கு முன்னால் நீளமாகக் கிடந்தது.

"இது பிரவுனா?" என்றார்.

"பரவால்லீங்க மாஸ்டர்," என்றாள் உதடு அசையாமல். "கட்டுங்க."

"பிரவுனான்னு கேக்கறேன்."

"இல்லீங்க. பச்சைங்க."

அவர் நிமிர்ந்தார். துரைராஜ் கையிலிருந்த மைக்கைப் பார்த்தார், அதைத் தள்ளிவிடலாமா என்று நினைத்தார், தள்ளவில்லை. "நான் பாடம் எடுக்கலம்மா," என்றார். குரல் தனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "நெசமாத்தான் கேட்டேன். எனக்குப் பச்சையும் பிரவுனும் தெரியாது. பொறந்ததுலேர்ந்தே தெரியாது. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. அதான் பெல்ட் வேண்டாம்னு இருந்தேன். பெருசாக் கொள்கையெல்லாம் ஒண்ணுமில்லை. பிரவுன் எதுன்னு எடுத்துக் குடும்மா, நான் கட்டறேன்."

விசிறிகள் நின்றுவிட்டன. துரைராஜ் மைக்கைத் தானாகவே கீழே இறக்கியது அன்று ஒருநாள்தான். வங்கி மேனேஜர் நின்றபடியே நின்றார், உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல். சொல்லியாயிற்று, அப்பா, சொல்லிப்போட்டேன் என்று மாஸ்டர் மனசுக்குள் சொன்னார். கோகிலவாணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையிலிருந்ததை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, தாம்பாளத்தின் நடுவில் மற்றவற்றுக்கு அடியில் கிடந்த ஒன்றை உருவி எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடித்து மூடினாள்.

"இதுங்க மாஸ்டர்."

அவர் கட்டினார். முன்பக்கம் வைத்து, பின்னால் கொண்டுபோய், மறுபடி முன்னால் கொண்டுவந்து இறுக்கி முடிச்சுப் போட்டார். இரண்டு முனையும் சமமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். அவர் கண்ணுக்குக் கோணிப்பை நிறம்தான். ஆனால் அவர் பிரவுன் வாங்கிய அன்றைக்கு யாரும் அவருக்குச் சொல்லாத ஒன்று இருந்தது, அதை இவளுக்குச் சொல்லாமல் விடக்கூடாது. "குனிஞ்சு பாரும்மா," என்றார். "இது பிரவுன். உனக்கு வந்திருக்கு. நீ இதுவரைக்கும் வந்துட்டே." அவள் குனிந்து பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், விபூதி கரைந்த முகத்தை அங்கியின் கையால் துடைத்துக்கொண்டாள். மேசையில் போன் உறுமி ஒருபக்கமாக நகர்ந்தது. மரகதமாகத்தான் இருக்கும், பேரனைத் துடைத்துத் தொட்டிலில் போட்டிருப்பாள். அவர் எடுக்கவில்லை, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

வரிசையில் அடுத்து நின்றவர் ரேஷன் கடை ராமுத்தாய் அக்காவின் புருஷன், தொந்தி விழுந்த ஆள், தேர்வில் மூச்சு வாங்கி உட்கார்ந்து எழுந்தவர். அவர் முன்னால் வந்து குனிந்து வணங்கி, தாம்பாளத்திலிருந்து தானே ஒன்றை எடுத்து மாஸ்டர் கையில் வைத்து, பள்ளிக்கூடத்தில் பேர் சொல்கிற பிள்ளைபோல் சத்தமாக, "பச்சைங்க மாஸ்டர்," என்றார். மாஸ்டர் கட்டினார். அதற்கடுத்து வந்த பெண், "பச்சைங்க மாஸ்டர்," என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொருத்தராக வந்து, எடுத்து, கையில் வைத்து, நிறத்தைச் சொன்னார்கள், ஒவ்வொருத்தருக்கும் மாஸ்டர் அதைத் திருப்பிச் சொன்னார், பச்சை, பச்சை, பச்சை.